எழுத்து இருந்துச்சு

அக்காவின் இடது கண்ணில் கட்டுப் போட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். கண்ணில் பட்டதற்குக் காது என்ன செய்தது என்று கேட்கலாம். குரல் ஏறினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது மூவருக்கும் தெரியும், அதுதான் காரணம். சுற்றிச் சுற்றி அது அக்காவின் தம்பி தீக்குச்சியின் மனைவியிடம்தான் போய் நிற்கும்.

தீக்குச்சி என்பது கம்பெனியில் வைத்த பெயர். ஆள் ஒல்லி. வேலையும் நெருப்போடு. மருந்துக் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பாட்டில் செய்து, அதன் மேல் மருந்தின் பெயரை அச்சடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை அது. அச்சு மெஷினுக்கு முன்னால் ஒரு கேஸ் பர்னர் இருக்கும். பாட்டில்கள் வரிசையாகச் சுழன்றுகொண்டே வந்து, அதன் நீலத் தீயைக் கண் இமைக்கிற நேரத்தில் தொட்டுவிட்டுப் போகும். அந்தத் தீக்குக் காவல் நம் ஆள்தான். பாட்டிலை நெருப்பில் காட்டினால் உருகிப் போகாதா என்று கேட்பவர்களை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். பதில் சொல்ல அவன் காத்துக்கொண்டே இருப்பான்.

அந்தப் பதிலை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் மை விற்க வந்த ஒரு கம்பெனிக்காரர். ஒரு மத்தியானம் எல்லோரையும் உட்கார வைத்துப் படம் போட்டு விளக்கினார். மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள், இவன் ஒருத்தன்தான் விழித்திருந்தான். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் தப்ப முடியாது. "பாட்டில் பிளாஸ்டிக்ல கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும்தான் இருக்கு. ரெண்டும் எலெக்ட்ரானை ஏறக்குறைய சமமா பங்கு போட்டுக்கிட்டு சாதுவா கெடக்கும். மையோட மூலக்கூறு அப்படியில்ல. அதுல ஆக்சிஜன் இருக்கு. அது எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கும். அதனால ஒரு முனை லேசா மைனஸ், இன்னொரு முனை லேசா ப்ளஸ். அதுக்குப் பேர்தான் இருமுனை. இதோட மைனஸ் அடுத்ததோட ப்ளஸ்ஸைத் தேடிப் போய் ஒட்டிக்கும். ஆனா பிளாஸ்டிக்ல தேடிப் போக ஒண்ணுமே இல்லையே! அதுக்குத்தான் தீ. தீயில காட்டினா பாட்டிலோட மேல்தோல்ல ஆக்சிஜன் வந்து உட்கார்ந்துக்கும். அப்புறம் மை வந்தா பிடிச்சுக்க இடம் இருக்கும்."

"ஆக, சூடு வெச்சாத்தான் பாட்டில் சொன்ன பேச்சு கேக்கும்னு சொல்லு," என்பாள் அக்கா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

அதோடு விடுவானா? இரண்டு பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு சமையலறைக் குழாய்க்குப் போவான். தீயில் காட்டாத பாட்டிலில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடும். தீயில் காட்டிய பாட்டிலில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நிற்கும். "தண்ணியும் இருமுனைதான்! பார்த்தீங்களா, பிடிச்சுக்குது!" என்று சின்னப்பிள்ளை மாதிரி சிரிப்பான். விருந்தாளிகள் டீ ஆறிப்போகிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் மனைவி மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

இவ்வளவு தெரிந்தவன்தான் அதைச் செய்தான். தெரியாமல் செய்திருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.

அன்று நல்ல மழை. ஷிஃப்ட் முடியப் போகிற நேரத்தில் பர்னரின் நீலத் தீ தளர்ந்து, நுனியில் மஞ்சள் தட்டியது. சிலிண்டர் தீரப் போகிறது. உடனே மெஷினை நிறுத்த வேண்டும். சிலிண்டரை மாற்றி, தீ நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்து, மஞ்சள் தீயில் போன பாட்டில்களை எல்லாம் கழிவில் கொட்ட வேண்டும். இதெல்லாம் அவனே மற்றவர்களுக்குப் பாடம் எடுத்த விஷயம். ஆனால் நிறுத்தினால் கம்பெனி பஸ் போய்விடும். பஸ் போனால் மழையில் மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். கடைசித் தட்டுப் பாட்டில்கள்தானே என்று ஓடவிட்டான். மஞ்சள் தீ பாட்டில்களைத் தடவிக்கொடுத்து அனுப்பியது. அச்சு என்னவோ பளிச்சென்றுதான் விழுந்தது. ஒட்டாத மையும் காய்ந்த புதிதில் ஒட்டிய மை போலத்தான் இருக்கும். பசை டேப்பை எழுத்தின் மேல் ஒட்டி வெடுக்கென்று பிடுங்கிப் பார்க்கும் சோதனைக்கு, தீ நீலமாக இருந்தபோது வந்த தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். எழுத்து அசையவில்லை. "சரி" என்று பதிவேட்டில் போட்டுவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். அன்று அவன் அடித்தது காதுச் சொட்டு மருந்துப் பாட்டில்.

பிறகு மாதக்கணக்கில் அவனுக்கு அந்த நினைப்பே இல்லை. மெஷின் இரைச்சலுக்காகக் காதில் அடைப்பான் வைத்து வைத்து அழுக்கு சேர்ந்துவிட்டது என்று, மருந்துக்கடையில் காதுக்குச் சொட்டு மருந்தும், அக்கா கேட்டிருந்த கண் சொட்டு மருந்தும் வாங்கி வந்தான். "ரெண்டுமே நம்ம பாட்டில்!" என்று பீற்றிக்கொண்டே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒரே அச்சில் வார்த்த வெள்ளைப் பாட்டில். எழுத்து மட்டும்தான் வேறு.

அதற்கப்புறம் ஒரு காலைதான் அது நடந்தது. துணித் தூசி பட்டு அக்காவுக்குக் கண் உறுத்தியது. "அந்தச் சொட்டு மருந்தைக் கொஞ்சம் கண்ணுல விடும்மா," என்றாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி ஈரக் கையோடு வந்தாள், அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள், நாற்காலியில் சாய்ந்திருந்த அக்காவின் கண்ணில் விட்டாள். அக்கா போட்ட அலறலில் தீக்குச்சி முகத்தில் பாதி சோப்பு நுரையோடு ஓடி வந்தான். குழாயடியில் கண்ணைக் கழுவினார்கள், கழுவிக்கொண்டே இருந்தார்கள். மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பாட்டிலை மட்டும் ஆஸ்பத்திரி வரைக்கும் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டாக்டர் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது, ஓர் எழுத்து இல்லை. முகர்ந்து பார்த்தார்.

"இது காது அழுக்கைக் கரைக்கிற மருந்து. பேரே இல்லாத பாட்டிலை எடுத்து எப்படிம்மா கண்ணுல விட்டீங்க?"

"எழுத்து இருந்துச்சு டாக்டர்," என்றாள் அவள். "சொட்டு மருந்துன்னு எழுத்து இருந்துச்சு. நான் படிச்சுட்டுத்தான் எடுத்தேன்."

டாக்டர் தீக்குச்சியைப் பார்த்தார். பதற்றத்தில் பேசுகிறவர்களை டாக்டர்கள் பார்க்கிற பார்வை அது. தீக்குச்சி பாட்டிலின் அடியைப் பார்த்தான். அங்கே அவன் கம்பெனியின் சின்ன முத்திரை. பிறகு மனைவியின் உள்ளங்கையைப் பார்த்தான். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நீல மைத் துகள்கள். மழை, பஸ், மஞ்சள் தீ, எல்லாம் ஒரே நொடியில் வந்து நின்றன. மேல் வரியில் இருந்த "காது" முன்பே அலமாரியில் உரசி உதிர்ந்திருக்க வேண்டும். கீழ் வரியில் மீதமிருந்த "சொட்டு மருந்து" அவள் ஈரக் கைக்குள் உதிர்ந்துவிட்டது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அதை அறிந்த ஒரே ஆள் அவன்.

அவன் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான். "கையைத் துடைச்சுக்கோ," என்றான். அவள் துடைத்துக்கொண்டாள். அவன் கைக்குட்டையை வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். யோசித்துச் செய்யவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். யோசிக்காமலா மடித்து உள்ளே வைத்தாய் என்று மனசு திருப்பிக் கேட்டது.

கண்ணின் மேல்படலம் வெந்திருக்கிறது, ஆறிவிடும், தழும்பு நிற்குமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். அக்கா தையல்காரி. கல்யாணமே வேண்டாமென்று தையல் மெஷினைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவள். இப்போது ஊசியில் நூல் கோர்க்க ஒற்றைக் கண்ணோடு மல்லுக்கட்டினாள். நூல் ஊசிக்காதுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கொண்டிருக்கும். மனைவி ஓடி வந்து, "கொடுங்க அண்ணி, நான் கோர்த்துத் தர்றேன்," என்பாள்.

"வேண்டாம்மா. நீ கோர்த்தா நூலுன்னு நெனச்சு வேற எதையாவது கோர்த்துடுவே," என்றாள் அக்கா ஒரு நாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அக்காவும்தான்.

தீக்குச்சி தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. மென்று விழுங்கினான். சொன்னால் வேலை போகும். வேலை போனால் போகட்டும், மானம் போய்விடுமே. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாய் கிழியப் பாடம் எடுத்த மனுஷன்! இன்னும் கொஞ்ச நாளில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், எல்லாம் தானாகச் சரியாகும் என்று மனசைப் பூசி மெழுகினான். ஆனால் கம்பெனியில் பர்னரைப் பற்ற வைக்கும்போதெல்லாம் அந்த மஞ்சள் தீ நினைவுக்கு வந்தது. அந்தக் கடைசித் தட்டுகளின் மற்ற பாட்டில்கள் எந்தெந்தக் கடையில், எந்தெந்த வீட்டு அலமாரியில் இருக்கின்றனவோ? அந்த நினைப்பு வந்தால் உடனே வேறு எதையாவது நினைத்துக்கொள்வான். கோழை என்றால் அப்படித்தான், வேறென்ன சொல்வது.

மனைவியோ வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தாள். அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். புத்தகம் அச்சுக்குப் போகும்முன் ஒவ்வொரு வரியாகப் படித்து, விடுபட்ட புள்ளியையும் பிசகிய துணைக்காலையும் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளில் பிழை கண்டுபிடித்து அவன் தோளைத் தட்டிக் காட்டுவாள். அப்படிப்பட்டவள் இப்போது உப்பு டப்பாவைத் திறந்து, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் போட்டாள். கதவைப் பூட்டிவிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள். "அடுப்பை அணைச்சேனா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்," என்று அவனைக் கேட்டாள். அணைத்த அடுப்பின் முன்னால் நின்றுகொண்டே கேட்டாள்.

ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் மூக்கில் கண்ணாடி இருந்தது. சமையலறையில் டப்பாக்களை இறக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இதென்ன புதுசா?" என்றான்.

"கண்ணு டெஸ்ட் பண்ணிக்கிட்டேன். கடைக்காரர் பவர் ஒண்ணும் பெருசா இல்லம்மா, கண்ணாடியே வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் கண்டிப்பா வேணும்னு வாங்கினேன்." அவள் ஒரு டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "அச்சகத்துலயும் சொல்லிட்டேன். இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்னு."

"ஏன்? எதுக்கு நிக்கணும்?"

"வெறும் பாட்டில்ல எழுத்து இருக்கறதா படிச்சவ நான். என்னை நம்பிப் புத்தகத்தைக் கொடுக்கலாமா? நேத்து ஒரு பக்கத்தை ஏழெட்டுத் தடவை படிச்சேங்க. பிழை இல்லன்னு எனக்குச் சொல்லத் தெரியல." குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் நிஜமாவே படிச்ச மாதிரிதான் இருக்கு. இப்பவும் கண்ணை மூடினா அந்த எழுத்து தெரியுது. அப்படின்னா எனக்கு மூளையிலதான் ஏதோ கோளாறு, இல்லையா?"

அதற்கு மேல் அவனால் நிற்க முடியவில்லை. இத்தனை நாளாக அவளுக்குக் கெட்ட பெயர்தான் என்று நினைத்திருந்தான், அது காலத்தில் ஆறும் என்று கணக்குப் போட்டிருந்தான். அவளுடைய கண்ணையே அவளிடமிருந்து பிடுங்கிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அலமாரிக்குப் போய், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து உள்ளே தள்ளி ஒளித்து வைத்திருந்த, எழுத்து உதிர்ந்த வெற்றுப் பாட்டிலை எடுத்தான். பக்கத்திலிருந்த கண் மருந்துப் பாட்டிலையும் எடுத்தான். "அக்கா, கொஞ்சம் இங்க வா," என்று முன்னறையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். பல நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு குரல் உயர்ந்தது.

"என்னடா, மறுபடியும் உன் தண்ணி வித்தையா? எனக்கு இருக்கறது ஒரு கண்ணு. அதையும் இதைப் பார்த்துத் தொலைக்கணுமா?" என்றபடி அக்கா வந்து கதவு நிலையில் சாய்ந்தாள்.

அவன் இரண்டு பாட்டிலையும் சோப்புப் போட்டுத் தேய்த்தான். கண் மருந்துப் பாட்டிலில் எழுத்து இம்மியும் அசையவில்லை. குழாயைத் திறந்து முதலில் அதைக் காட்டினான். தண்ணீர் படலமாகப் பரவி நின்றது. பிறகு வெற்றுப் பாட்டிலைக் காட்டினான். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, பிடித்துக்கொள்ள இடமில்லாமல் உருண்டு ஓடியது.

அந்த வித்தையை மனப்பாடமாகத் தெரிந்த இரண்டு பெண்களும் பாட்டிலை உற்றுப் பார்த்தார்கள்.

"இது தீயில காட்டாத பாட்டில்," என்றான். "காட்டினேன், ஆனா தீ சரியா இல்ல. மஞ்சளா இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் விட்டேன். மழையா இருந்துச்சு, பஸ் போயிடும்னு..." வெற்றுப் பாட்டிலை அக்கா பக்கம் நீட்டினான். "மை ஒட்டல. அவ எடுத்தப்போ எழுத்து இருந்துச்சு. சொட்டு மருந்துன்னு இருந்துச்சு. அவ கை ஈரத்துல உதிர்ந்துடுச்சு. அவ படிச்சுட்டுத்தான் எடுத்தா அக்கா. தப்பு என்னோடது."

அக்கா நிலையிலிருந்து நிமிர்ந்து அவன் முன்னால் வந்து நின்றாள். கை ஓங்குவாள் என்று நினைத்தான். ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது மாதிரி இன்னும் கடையில இருக்கா?" என்றாள்.

"இருக்கும்."

"அப்போ இங்க என்னடா எங்கிட்ட ஒப்பிச்சுக்கிட்டு நிக்கற? இன்னொருத்தி கண்ணு போறதுக்குள்ள போன் பண்ணு."

கம்பெனியில் தரச்சோதனை பார்க்கும் மேடத்துக்கு அங்கேயே நின்று போன் செய்தான். மஞ்சள் தீயைச் சொன்னான், எந்த மருந்து என்று சொன்னான், டேப் சோதனைக்குப் பாட்டிலை மாற்றி எடுத்ததையும் சொன்னான். அந்தம்மா திட்டவில்லை. ஒவ்வொரு தடவை அச்சடிக்கும்போதும் எடுத்து வைக்கும் மாதிரிப் பாட்டில்களை உடனே பார்க்கிறேன் என்றார், மருந்துக் கம்பெனிக்கு இப்போதே சொல்லி எல்லாவற்றையும் திரும்ப வாங்கச் சொல்கிறேன் என்றார். "நீங்க கிளம்பி வாங்க. இனிமே மெஷின்ல கை வைக்காதீங்க. மத்ததை மேலே பேசி முடிவு பண்ணுவாங்க," என்றார். சரி மேடம் என்றான். வேலை போய்விட்டது என்று அவனுக்குப் புரிந்தது. ஆனால் அதற்காக வருத்தப்படக்கூட அந்த நேரத்தில் மனசில் இடமில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். அக்கா மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உன்னை என்னென்ன பேசிட்டேன் நான்," என்று முணுமுணுத்துவிட்டு, கட்டுப்போடாத கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். போகும்போது தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மனைவி கண் மருந்துப் பாட்டிலைக் கையிலெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியோடு ஒரு தடவை படித்தாள். கழற்றிவிட்டு ஒரு தடவை படித்தாள்.

"அப்போ என் கண்ணுல ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு."

"மூளையிலயும்?"

"இல்லம்மா. நீ படிச்சது சரி."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சை நிம்மதியாக விட்டாள். அச்சகத்துக்கு நாளைக்கே போய், வேலையை விட்டு நிற்கிறேன் என்றதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்றுகூடச் சொன்னாள். தன்னை மன்னித்துவிட்டாள் என்றே தீக்குச்சி நினைத்தான். கம்பெனிக்குக் கிளம்பச் செருப்பை மாட்டக் குனிந்தான்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில," என்றாள் அவள் பின்னாலிருந்து, யோசித்து யோசித்து, வரி வரியாகப் பிழை தேடுகிறவளின் குரலில். "என் கையில நீலமா ஏதோ ஒட்டியிருந்துச்சு."

அவன் செருப்பின் வாரை இழுத்தான்.

"நீங்கதானே கைக்குட்டை கொடுத்து துடைச்சுக்கச் சொன்னீங்க?"

அவன் செருப்பின் வாரைப் பிடித்தபடி அப்படியே குனிந்திருந்தான். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். சமையலறையில் அவன் மூட மறந்த குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.